வெள்ளிக்கிழமையே வந்த கூட்டக் குறிப்பு

கூட்டம் செவ்வாய்க்கிழமை. அதன் கூட்டக் குறிப்பு அதற்கு முந்திய வெள்ளிக்கிழமையே என்னிடம் வந்துவிட்டது.

மாவட்டச் செயலகமான கச்சேரிக்குப் பின்தெருவில் எனக்கு ஓர் அறை இருக்கிறது. காணி உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் சிங்களத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துக் கொடுப்பது என் தொழில். திருகோணமலையில் இதைச் செய்கிறவர்கள் அதிகம் பேர் இல்லை. அதனால் அலுவலகங்களின் கடதாசிகளும் என்னிடம் வரும். அன்று ஒரு திட்ட அலுவலகம் மூன்று கோப்புகளை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தது: அழைப்பு அறிவித்தல், திட்ட விளக்கம், கூட்டக் குறிப்பு. சல்லி ஊருக்கு வடக்கே, கரைவலை இழுக்கும் ஒரு துண்டுக் கரையில் இறங்குதுறை கட்டப்போகிறார்கள். கட்டுவதற்கு முன்பு மக்களிடம் கருத்துக் கேட்டாக வேண்டும். அதற்கான கூட்டம்.

குறிப்பில் எல்லாம் நடந்து முடிந்திருந்தது. மீன் காயவைக்கும் இடம் என்னவாகும் என்று திரு. முனாப் கேட்டார். மாற்று இடம் தரப்படும் என விளக்கப்பட்டது. வலை இழுக்கும் பருவம் பற்றித் திரு. சோமசேகரம் கேட்டார். பருவத்தில் வேலைகள் நிறுத்திவைக்கப்படும் என விளக்கப்பட்டது. அவர் விளக்கத்தை ஏற்று நன்றி கூறினார். எழுத்துமூல ஆட்சேபனை எதுவும் கிடைக்கவில்லை.

மறுபடியும் முதல் வரியிலிருந்து வாசித்தேன்.

அந்த இரண்டு கேள்விகளையும் நாங்கள் புதன்கிழமைதான் முடிவு செய்திருந்தோம். இதே அறையில், கதவைச் சாத்திவைத்து. கரைப் பாதுகாப்புக் குழுவில் பொறுப்பாளர்கள் மூன்று பேர். சோமசேகரம் தலைவர், அந்தக் கரையில் அவருக்கு இரண்டு வலைகள் உண்டு. முனாப் பொருளாளர், முஸ்லிம் ஊரான கிண்ணியாவிலிருந்து வந்து மீன் வாங்குகிறவர், கரையில் கருவாட்டுப் பந்தல்கள் போட்டிருக்கிறார். நான் செயலாளர். கேள்விகளைவிட எங்களுக்குப் பெரிதாக இருந்தது ஒரு கடிதம். மூன்று பொறுப்பாளர்களும் ஒப்பமிட்டு ஆட்சேபனை கொடுத்தால், வேலையைத் தொடங்காமல் விசாரணை வைக்க வேண்டும் என்பது விதி. கடிதத்தைப் பற்றி வெளியே மூச்சு விடுவதில்லை என்று பேசிக்கொண்டோம். குறிப்போ ஆட்சேபனை கிடைக்கவில்லை என்றது. யாரோ சொல்லியிருக்கிறார்கள், கடிதத்தைத் தடுக்கவும் வழி செய்திருக்கிறார்கள்.

மூவரில் ஒருவன் நான். மிச்சம் இரண்டு பேர். அவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முனாப் கடற்படை முகாமின் குசினிக்கு மீன் கொடுக்கிறார். அதிகாரிகளோடு பழக்கம். புதன்கிழமை பேச்சுக்கிடையே இரண்டு தடவை தொலைபேசியைப் பார்த்தார். காரணங்கள் வரிசையாக வந்தன. சோமசேகரத்தின் மருமகன் அதே திட்ட அலுவலகத்தில் வாகனம் ஓட்டுகிறான் என்பதும் எனக்குத் தெரியும். அன்று அது நினைவுக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைப் பிறகு யோசித்திருக்கிறேன். சோமசேகரம் எங்கள் ஆள். அந்தச் சொல்லை நான் மனதுக்குள்கூடச் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை.

மக்களாட்சி பற்றி நிறைய வாசித்திருக்கிறேன். முடிவு இன்னதென்று தொடக்கத்தில் யாருக்கும் தெரியாதிருந்தால்தான் அது கலந்துரையாடல் என்று புத்தகங்கள் சொல்கின்றன. அப்படி வாசித்த ஒருவன், இந்தக் குறிப்பை யார், எதற்காக முன்கூட்டியே எழுதினார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டதெல்லாம் யார் காட்டிக்கொடுத்தது என்பதுதான்.

சனிக்கிழமை சோமசேகரத்திடம் போனேன். கடிதத்தில் நாங்கள் இருவரும் முதலில் ஒப்பமிடுவோம், முனாபிடம் கூட்ட மண்டபத்தில் கடைசி நேரத்தில் வாங்கிக்கொள்வோம் என்றேன்.

“முனாபையோ சந்தேகப்படுறாய்? முப்பது வருசமாக் கரைக்கு வாற மனுசன்.”

நான் அதிகம் பேசுவதில்லை. பேசாமலிருந்தால் எனக்கு ஏதோ தெரியும் என்று ஆட்கள் நினைத்துக்கொள்வார்கள். அவரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

“சரி, துவாரகன். நீ படிச்சவன்,” என்று ஒப்பமிட்டார்.

ஆனால் அவருக்கு எதையும் வாய்க்குள் வைத்திருக்க ஏலாது. ஞாயிறு காலை மீன் ஏலத்தில் பகிடியாகச் சொல்லிவிட்டார். மத்தியானம் முனாப் என்னை அழைத்தார்.

“தம்பி, என்னைய விட்டுப்போட்டுக் கடிதம் எழுதினீங்களாம்?”

அந்த இடத்தில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். குறிப்பு என் முன்னால் இருந்தது. ஆனால் காட்டிக்கொடுத்தவர் அவரேயானால், எனக்குத் தெரியும் என்பது அலுவலகத்துக்கும் தெரிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அவர் காத்திருந்தார். அவருக்குப் பின்னால் ஐஸ் உடைக்கும் சத்தம் கேட்டது.

“சரி. விளங்கிட்டு,” என்றார். தொடர்பு அறுந்தது.

செவ்வாய்க்கிழமை முனாப் வரவில்லை.

மண்டபத்தில் அறுபது பேர் இருந்தார்கள். திட்ட அலுவலகத்திலிருந்து கௌசிகா என்ற உத்தியோகத்தர் வந்து, முன்வரிசையில் மடியில் குறிப்போடு அமர்ந்திருந்தார். பந்தலில் கருவாடு போடும் இரத்தினேஸ்வரி எழுந்து, இனி மீனை எங்கே காயவைப்பது என்று கேட்டார். மாற்று இடம் தரப்படும் என்றார்கள். கௌசிகா பேனாவை எடுத்து முனாபின் பெயரை வெட்டி, இரத்தினேஸ்வரியின் பெயரை மேலே எழுதுவதைப் பார்த்தேன். பிறகு சோமசேகரம் பருவம் பற்றிக் கேட்டார். பதில் வந்தது. அவர் என்னைப் பார்த்தார். இரண்டு ஒப்பங்கள் மட்டும் இருந்த கடிதம் என் சட்டைப்பையில் கிடந்தது. நான் எழும்பவில்லை. ஒலிவாங்கியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், மரியாதைக்கு “சரி, நன்றி” என்று சொல்லிவிட்டு அவர் அமர்ந்தார்.

கூட்டம் கலைந்ததும் கௌசிகாவிடம் போனேன். குறிப்பை முன்பே எழுதியது பற்றிக் கேட்டேன். அவர் சங்கடப்படவில்லை.

“அது வரைவுதானே, சேர். ஏதும் மாறினால் மாத்துவம்.”

“இதுவரைக்கும் மாறியிருக்கோ?”

யோசித்தார். “பேருகள் மாறும்.”

“ஆர் என்ன கேப்பினம் எண்டு எப்பிடித் தெரியும்?”

“எல்லா இடத்திலையும் இதைத்தானே கேக்கினம். பொறுப்பாளர் பட்டியல் நீங்கள் அனுப்பினதுதான்.” பிறகு, உண்மையான கரிசனையோடு, இன்னும் பதினாலு நாட்கள் இருக்கின்றன, மூன்று ஒப்பங்களும் இருந்தால் ஆட்சேபனையை அலுவலகத்தில் கொடுக்கலாம் என்றார்.

அறைக்கு வந்து பழைய கோப்புகளைத் தேடினேன். மூன்று வருடங்களுக்கு முன்பு கந்தளாய்ப் பக்கத்துக் கூட்டமொன்றின் குறிப்பு அகப்பட்டது. நெல் காயவைக்கும் இடம் என்னவாகும் என்று ஒருவர் கேட்டிருந்தார். மாற்று இடம் தரப்படும் என விளக்கப்பட்டது. விதைப்புப் பருவத்தில் வேலைகள் நிறுத்திவைக்கப்படும். ஒருவர் விளக்கத்தை ஏற்று நன்றி கூறினார். ஆட்சேபனை கிடைக்கவில்லை. தமிழ் வாக்கியங்கள் என்னுடையவை. நானே மொழிபெயர்த்து, அனுப்பி, மறந்துபோயிருக்கிறேன்.

யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. யாரும் சொல்ல வேண்டிய தேவையே அலுவலகத்துக்கு இருக்கவில்லை.

அடுத்த நாள் கிண்ணியாவுக்குப் போனேன். முனாப் முற்றத்தில் கதிரை போட்டு உட்காரச் சொன்னார். இரண்டு குறிப்புகளையும் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் ஒவ்வொரு வரியாக வாசித்தார்.

“அப்ப, நான் சொல்லல்ல எண்டு இந்தக் கடதாசி சொல்லுது.”

“ஓம், முனாப் நானா.”

“வெள்ளிக்கிழமை ஒரு கடதாசியப் பாத்து நான் கள்ளன் எண்டு நினைச்சீங்க. இண்டைக்கு இன்னொண்டப் பாத்து இல்ல எண்டு நினைக்கிறீங்க.”

நான் ஆட்சேபனைக் கடிதத்தை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை.

“தம்பி, கோவிக்கப்படாது. கூட்டத்துக்கு முந்தி இந்தக் குறிப்பு ஆருக்கிட்ட இருந்திச்சு?”

“என்னட்டை.”

“அவங்கட எழுத்து வேலைய ஆரு செய்யிற?”

“நான்தான்.”

“உங்கட இடத்தில நான் இருந்திருந்தா, உங்களத்தான் முதல்ல நினைச்சிருப்பன்.” சிரித்தார். கோபம் தெரியவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. “இதில நான் ஒப்பம் வைக்க மாட்டன். யோசிச்சுச் சொல்லுறன்.”

நான் அவரை அவசரப்படுத்தவில்லை. அழைத்தால் ஏன் இந்த அவசரம் என்று நினைப்பார். அழைக்காவிட்டால் ஏன் பேச்சில்லை என்று நினைப்பார். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். சோமசேகரம் மட்டும் ஒவ்வொரு நாளும் வந்து, என்ன நடந்தது என்று கேட்டுவிட்டுப் போனார்.

பதின்மூன்றாம் நாள் முனாப் என் அறைக்கு வந்தார். அவரே எழுதிய ஆட்சேபனைக் கடிதம் கையில் இருந்தது. ஒரு சட்டத்தரணியிடம் காட்டியிருந்தார். சோமசேகரத்தையும் வரச் சொல்லியிருந்தார். கடிதம் தெளிவாக, நான் எழுதியதைவிட நன்றாக இருந்தது. ஆனாலும் அதை மூன்று தடவை வாசித்தேன். எதைத் தேடுகிறேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. முனாபுக்கும் தெரிந்திருந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒப்பமிட்டேன். சோமசேகரமும் ஒப்பமிட்டார். கடைசியாக முனாப்.

மூவரும் சேர்ந்தே திட்ட அலுவலகத்துக்கு நடந்தோம். கௌசிகா கடிதத்தைப் படித்துவிட்டு, விசாரணைத் திகதியை அறிவிப்போம் என்று சொல்லி, பிரதியில் முத்திரை குத்தித் தந்தார். சோமசேகரம் அதை மேசையின் ஓரத்தில் விரித்து வைத்தார். ஒருவர் எடுத்து மற்ற இருவருக்கும் அனுப்பியிருக்கலாம். மூவரும் அவரவர் தொலைபேசியில் தனித்தனியாகப் படமெடுத்துக்கொண்டோம்.