ஒரே அளவில் இரண்டு சொற்கள்

என் அக்கா கட்டடம் வரைபவள்; நான் எழுத்து வரைபவன். அவள் வரைந்தது ஒழுகினால் ஊரே திட்டும். நான் வரைந்தது கோணலாக இருந்தால் யாருக்கும் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இருபது வருடமாக என் பிழைப்பு ஓடுகிறது.

புதுப் பேருந்து நிலையத்தை அவள்தான் கட்டினாள். பலகைகளுக்கான எழுத்தை என்னிடம் கொடுத்தாள். தம்பி என்ற பாசத்தில் இல்லை. அவள் வாய்க்குப் பயந்து, எனக்கு முன் அவள் அமர்த்திய எழுத்துக்காரர்கள் இருவரும் ஓடிவிட்டார்கள்.

அத்தான் கணக்கு வாத்தியார். இரண்டு வருடமாக அவருக்கு நடுப்பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. எழுத்து எழுத்தாகப் படிக்க முடியாது. தூரத்துச் சொல் நீளமா, குட்டையா, எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்று பார்த்து இன்ன சொல் என்று பிடித்துவிடுவார். பாடமெல்லாம் தலைக்குள் இருப்பதால் வகுப்பில் சிக்கல் இல்லை, பள்ளிக்குப் போய்வருவதில்தான் சிக்கல். இனி இந்தப் புது நிலையத்தில் இறங்கித்தான் பஸ் மாற வேண்டும். கையைப் பிடித்து யாராவது கூட்டிப்போனால் அவருக்கு உடம்பெல்லாம் எரியும்.

"புது ஸ்டாண்டுல தனியா நடக்க முடிஞ்சா வேலைக்குப் போறேன். இல்லன்னா ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வீட்டுல உக்காந்துக்கறேன்," என்று ஒருநாள் சொன்னார். அவர் சொன்னால் சொன்னதுதான். வீட்டில் உட்கார்ந்தால் ஆறு மாதத்தில் கிழவராகிவிடுவார் என்பது எனக்கும் அக்காவுக்கும் தெரியும்.

திறப்புக்குப் பத்து நாள் முன்பு, ஒரு காலையில் அவரைக் கூட்டிவந்தோம். கூடம் காலியாக இருந்தது. துப்புரவு வேலை செய்யும் அம்மா ஒருவர் மட்டும் தரையிலிருந்த சுண்ணாம்புக் கறையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நானும் அக்காவும் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டோம்.

அத்தான் வாசலிலிருந்து சீட்டு ஜன்னலுக்குப் போனார். அங்கிருந்து ஆறாவது நடைமேடைக்கு. எங்கும் தயங்கவில்லை. என் எழுத்துதான் வழிகாட்டுகிறது என்று நான் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன். "நான் வெளிச்சம் வச்ச இடம்டா அதெல்லாம்," என்றாள் அக்கா.

"அப்படியே பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்," என்று அத்தான் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

கூடத்தின் கோடியில் இரண்டு கதவுகள். ஒரே உயரம், ஒரே நிறம். ஒன்றின் மேல் 'ஆண்கள்', மற்றதன் மேல் 'பெண்கள்'. நேராக நடந்து, பெண்கள் பக்கம் நுழைந்தார்.

"சார், சார்! அது லேடீஸ்!" என்று துப்புரவு அம்மா கத்தினார்.

அத்தான் வெளியே வந்தார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. மெதுவாக வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்தார்.

"நல்லவேளை, உள்ள யாரும் இல்ல. நாளைக்கு இருப்பாங்க. வயசான காலத்துல அந்தப் பேரும் எனக்கு வேணுமா? போதும்மா. திங்கட்கிழமை எழுதிக் குடுத்துடறேன்."

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. நடந்தது என்ன என்று எனக்குத் தெரியும்.

இரண்டு சொல்லும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றிருந்தாள். ஒரு மில்லிமீட்டர் பிசகக் கூடாது. பக்கத்தில் பொம்மைப் படம் போடலாம் என்றால் சுவர் கெட்டுவிடுமாம். நானும் விட்டேனா? 'ஆ'வின் வாலை நறுக்கினேன், 'பெ'யின் கொம்பை ஒடுக்கினேன், இரண்டையும் ஒரே அகலத்துக்குக் கொண்டுவந்தேன். மிச்சம் 'ண்கள்' இரண்டுக்கும் பொது. மூன்று வாரம் உழைத்து, ஆண்களையும் பெண்களையும் அடையாளம் தெரியாமல் ஆக்கியிருந்தேன். அன்றைக்கு என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டது வேறு.

"அத்தான், உங்க கண்ணு இல்ல. நான் பண்ண வேலை இது," என்றேன்.

"சமாதானம் சொல்லாதடா."

சமாதானம் இல்லை என்று எப்படிக் காட்டுவது? துப்புரவு அம்மாவைக் கூப்பிட்டேன்.

"ஏம்மா, உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?"

"ஏன் தெரியாம? பேப்பர் படிப்பேன். கண்ணாடி கூட கெடையாது."

"இங்கேருந்து பாத்துச் சொல்லுங்க, எது ஆம்பளைங்களுது?"

அவர் திரும்பி, கண்ணைச் சுருக்கினார்.

"எனக்கு எங்க சார் புரியுது? பெண்கள் பக்கம் என் பக்கெட்டை வச்சிருக்கேன். அதைப் பாத்துத்தான் போறேன்."

அத்தான் தலையைத் தூக்கினார். "நெஜமாவா?"

"பொய் சொல்லி எனக்கு என்ன சார் ஆகப்போவுது? நேத்து பெயிண்டரும் மாத்தித்தான் போனாரு."

அக்கா அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது எவ்வளவு பிடித்த சுவர் என்று எனக்குத் தெரியும். பாவமாக இருந்தது.

"மாத்துடா," என்றாள் கடைசியில். "வாலை நல்லா நீட்டி விடு. ஒரு கதவுக்கு வேற கலர் அடிச்சுடறேன். பொம்மையும் போட்டுக்கோ. போதுமா?" கண் கலங்கியிருந்தது. அத்தான் பக்கம் திரும்பி, "நீங்க திங்கக்கிழமை ஸ்கூலுக்குத்தான் போறீங்க, லெட்டர் குடுக்க இல்ல," என்றாள்.

அத்தான் எழுந்து சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் போறேன். முதல்ல பாத்ரூம் போறேன். அவங்க போட்ட சத்தத்துல போகாமலே திரும்பிட்டேன்."

அக்கா பழக்கத்தில் கூடவே எழுந்தாள். அவர் அதற்குள் நாலு அடி போய்விட்டார். என்ன நினைத்தாளோ, உட்கார்ந்துவிட்டாள்.