வாசலில் கிடந்த செருப்பு

மேன்முறையீட்டில் மறுவிசாரணை என்று தீர்ப்பான வாரமே, பெருநாளும் இல்லாமல் மாமி வட்டிலப்பத்தோடு வந்தது சஹ்லாவுக்கு உறுத்தியது. சஹ்லாவின் புருசனை, தன் சொந்த நானாவையே குத்திக் கொன்றவன் மாமியின் இளைய மகன் அஸ்மீர். அந்த நேரம் அவனுக்குப் புத்தி பேதலித்திருந்தது என்பது அவன் தரப்பு வாதம். ஆனால், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் அவன் உள்ளே வந்தான் என்று சஹ்லா சாட்சி சொல்லியிருந்தாள். பொலிஸ் வந்தபோது வாசலில் செருப்பே இல்லை. கனவு கண்டாயா என்று அவன் தரப்புச் சட்டத்தரணி கேட்டதிலிருந்து அவளுக்கே சந்தேகம்.

"ஒருத்தன் மௌத்தாப் போயிட்டான். மத்தவனையும் சிறைக்குக் குடுக்கவா புள்ள? செருப்புக் கதைய உட்டுடு."

"கண்டதத்தானே சொன்னன் மாமி."

"என்னத்தக் கண்ட? பைத்தியக்காரனுக்குச் செருப்புக் கழட்டத் தெரியுமா?"

"கறுப்புச் செருப்பு மாமி. கண்ணுக்குள்ளயே நிக்கிது."

"உனக்குத்தான் பைத்தியம்! கறுப்பு எங்க? நீலம்! நான்தானே எடுத்துக்கிட்டுப் போய்..."

மாமி வாயைப் பொத்திக்கொண்டாள்.

சஹ்லா வட்டிலப்பக் கிண்ணத்தை மூடி அவள் கையிலேயே கொடுத்தாள்.

"ஓம் மாமி, கோட்டுக்கு நீங்களும் வாங்க. நிறம் சொல்ல ஒரு ஆள் வேணும்."