நாற்பது பெட்டிகளும் நான்காம் பக்கமும்

1

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபது. மருந்துக் கிடங்கின் மூன்றாம் வாசல் வழியாக ஐந்து பேலட் சலைன் பாட்டில்கள் லாரியில் ஏறின. பேலட் என்பது பெட்டிகளை அடுக்கி, பிளாஸ்டிக் தாளால் சுற்றிக் கட்டும் மரப்பலகை. பலகைக்கு நாற்பத்தெட்டு பெட்டி. மொத்தம் இருநூற்று நாற்பது. வாசலில் இருந்த திரை இருநூறு என்று காட்டியது.

இந்தக் கதை அங்கிருந்து வந்தது. கற்பனையில் உதித்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் அந்த வாரம் நான் அந்தக் கிடங்கில் இருந்தேன். பெட்டிகளை ரேடியோ அலையால் எண்ணும் ஆர்எஃப்ஐடி முறையைப் புரிந்துகொள்வது எப்படி, வேலைக்குக் கொண்டுவருவது எப்படி என்று முப்பத்தாறு பக்கக் கையேடு எழுத ஒரு மாதம் முன்பே கூப்பிட்டிருந்தார்கள்; எழுதிக் கொடுத்து, அது நடைமுறைக்கும் வந்திருந்தது. கையேட்டின் கடைசியில் நன்றி சொல்ல ஒரு பக்கம் உண்டு. அதில் எல்லோர் பெயரும் வந்தது, வரவேண்டிய ஒருவரைத் தவிர. ஆகவே இது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: “கண்ணுக்குத் தெரியாத அலைகள் நம்மைச் சுற்றி எப்போதும்...”

(அடித்துவிட்டேன். கையேட்டின் முதல் வரியும் இதுவே. ஒரு பொய்யான அழகை இரண்டு இடத்தில் வைக்கக் கூடாது.)

அடுத்தது: “அவர் கண்ணீரைத் துடைத்தபடி வாசலைத் தாண்டி...”

இதைச் சம்பந்தப்பட்டவரிடமே படித்துக் காட்டினேன். “நான் எங்க சார் அழுதேன்? கோவத்துல மூக்கு சிவந்துச்சு. அவ்வளவுதான். அதை எடுத்துடுங்க” என்றார். எடுத்துவிட்டேன். எங்கே எடுத்தேன் என்பது தெரிய வேண்டும் என்பதற்காக வரியை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன்.

அவரை எல்லோரும் வாசல் அக்கா என்பார்கள். வெளியே போகும் சரக்கைச் சரிபார்ப்பது அவர் வேலை. பேலட்டுகளைத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டுபவர் அவருடைய கொழுந்தன். வண்டியின் முன்னால் நீண்டிருக்கும் இரண்டு இரும்புக் கரங்களை வைத்து அவருக்குக் கொம்பன் என்று பெயர். இவர்களுக்கு மேல் ஒரு மேலாளர். கதைக்கு இவ்வளவு பேர் போதும். நான்காவதாக நான் இருக்கிறேன். என்னைத் தவிர்க்கப் பார்த்தேன், முடியவில்லை.

3

முறை எளிது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு ஸ்டிக்கர். அதற்குள் மெல்லிய ஆன்டெனா, அரிசிமணியை விடச் சிறிய சில்லு. வாசல் நிலையில் இருக்கும் ரீடர் ரேடியோ அலையை அனுப்பும். ஸ்டிக்கர் தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். வகுப்பில் ஆசிரியர் பெயர் கூப்பிட, பிள்ளைகள் “உள்ளேன் ஐயா” என்பது போல. என்ன, இங்கே நாற்பத்தெட்டு பிள்ளைகளும் கண் மூடித் திறப்பதற்குள் சொல்லி முடித்துவிடுவார்கள்.

புதிய இயந்திரம் வந்தால் பழைய ஆட்கள் முகம் சுளிப்பார்கள் என்பது என்னைப் போன்றவர்கள் எழுதிப் பழகிய கதை. வாசல் அக்கா அப்படி இல்லை. ஒவ்வொரு பேலட்டையும் சுற்றிவந்து, குனிந்து நிமிர்ந்து எண்ணி அவர் முழங்கால் தேய்ந்திருந்தது. ரீடர் வந்த முதல் நாள் அதன் மேல் இருந்த தூசியைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். கொம்பன் அதைப் பார்த்துவிட்டு, எங்க அண்ணனைக்கூட அண்ணி இப்படிக் கவனிச்சதில்ல என்றாராம்.

இரண்டு வாரம் மாத்திரைப் பெட்டிகள் போயின. ஒரு பிசகும் இல்லை. மார்ச் 11 அன்றுதான் முதல் சலைன் சரக்கு.

4

நாற்பது பெட்டி குறைகிறது. சரக்கு போய்ச் சேர்ந்த மருத்துவமனைக் கிடங்கைக் கேட்டார்கள். அங்கேயும் அதே ரீடர், அதே கையேடு. அங்கும் இருநூறு. கையால் எண்ணுவதை இரு இடத்திலும் நிறுத்தியிருந்தார்கள். எண்ண வேண்டியதில்லை என்பதுதானே திட்டமே. சரிபார்க்கலாம் என்று யோசிப்பதற்குள் பாட்டில்கள் வார்டுகளுக்குப் பிரிந்து போயிருந்தன.

(இரண்டு சாட்சிகள் ஒரே வார்த்தையைச் சொன்னால் நம்புகிறோம். இருவரும் ஒரே ஆளிடம் பாடம் கேட்டவர்களா என்று விசாரிப்பதில்லை.)

சரிபார்த்தவர் அண்ணி, ஏற்றியவர் கொழுந்தன். மேலாளருக்கு அதற்கு மேல் யோசிக்கத் தேவைப்படவில்லை. விசாரணை முடியும்வரை இருவரும் வேலைக்கு வர வேண்டாம் என்று கடிதம் கொடுத்தார். கெட்டவர் அல்ல. முந்தைய பிரதியில் அவருக்கு ஒரு வில்லன் சிரிப்பு கொடுத்திருந்தேன். அவர் சிரித்தே நான் பார்த்ததில்லை என்பதால் நீக்கினேன்.

5

வெள்ளிக்கிழமை விசாரணைக்கு வாசல் அக்கா ஒரு துண்டுத்தாளோடு வந்தார். திரையில் பேலட் வாரியாக வந்த எண்களை அன்றே குறித்து வைத்திருக்கிறார்: நாற்பது, நாற்பது, நாற்பது, நாற்பது, நாற்பது.

“ஒவ்வொண்ணுலயும் எட்டு காணோம். சுத்தின தாள் கிழியல. திருடன் இவ்வளவு ஒழுங்கா இருப்பானா சார்?”

பிறகு ஒரு சலைன் பேலட்டை வாசல் வழியாக விடச் சொன்னார். நாற்பது. அதைப் பிரித்து, பெட்டிகளை ஒவ்வொன்றாக அனுப்பச் சொன்னார். நாற்பத்தெட்டு. பேலட்டில் நான்கு அடுக்கு. அடுக்குக்குப் பன்னிரண்டு பெட்டி. அதில் பத்து ஓரத்தில், இரண்டு நடுவில். நடுவில் இருப்பதைச் சுற்றி நான்கு பக்கமும் பாட்டில் நீர். ரேடியோ அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும். நடுப்பிள்ளைகள் “உள்ளேன்” என்று கத்தினாலும் ஆசிரியர் காதில் விழாது.

மேலாளர் ஒத்துக்கொண்டார். ஆனால் ஒரு கேள்வி கேட்டார், நல்ல கேள்வி. ரீடரைப் பொருத்திச் சோதித்த நாளில் இதே மாதிரி சலைன் பேலட் நாற்பத்தெட்டும் காட்டியதே, எப்படி?

கொம்பன் தலையைக் குனிந்துகொண்டு, அன்றைக்கு வைத்தவை காலிப் பெட்டிகள் என்றார். யார் வைக்கச் சொன்னது என்று கேட்டதற்கு, யாரோ கேட்டாங்க என்றார். அண்ணி அவரைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். அதற்குப் பின் கொம்பன் வாயைத் திறக்கவில்லை.

இருவரையும் திங்கட்கிழமை முதல் வேலைக்கு வரச் சொன்னார் மேலாளர். கொம்பனின் கோப்பில் மட்டும் ஒரு வரி எழுதினார்: “நடுப்பெட்டிகள் பதிவாகாது என்பதை முன்பே அறிந்து சோதனையை மாற்றியிருக்கலாம், ஐயம் தொடர்கிறது.” ரீடர் கண்ணில் படாத எட்டை எவரும் எடுக்கலாம் அல்லவா? அந்த வரி இருக்கும்வரை மருந்துக் கிடங்கில் அவர் நிலைக்க முடியாது. அடுத்த ஆள்குறைப்பில் முதல் ஆள் அவர்தான்.

6

காலிப் பெட்டி கேட்டது நான்.

கையேட்டின் நான்காம் பக்கத்துக்குப் படம் வேண்டியிருந்தது. நிரம்பிய பெட்டி பதினாறு கிலோ. கோணம் சரியாக வரும்வரை கொம்பன் அதை ஒன்பது முறை பிரித்து அடுக்க வேண்டும். இரக்கப்பட்டு, காலிப் பெட்டியே போதும் என்றேன். படம் எடுத்த கையோடு, ரீடரைப் பொருத்த வந்திருந்த பொறியாளர் அதே பேலட்டை வாசல் வழியாக ஓட்டிச் சோதித்தார். நிரம்பிய பெட்டிகள் என்றே நினைத்தார். வண்டி தூக்கும்போது கனம் யாருக்குத் தெரியும்? ஸ்டிக்கரைப் பக்கவாட்டின் நடுவில் ஒட்டுக, பதிவு நூற்றுக்கு நூறு என்று எழுதினேன்.

விசாரணை முடிந்து நடைகூடத்தில் வாசல் அக்காவிடம் போனேன். என் பெயரை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா உங்க புஸ்தகத்தைத் தூக்கிப் போடுவாங்க. அப்புறம் மெஷினையும் தூக்கிப் போடுவாங்க. நான் மறுபடி குனிஞ்சு எண்ணணும். என் முட்டிக்குத்தான் சார் இந்த நல்ல மனசு.”

“கொம்பன்?”

“அவன் நிலைமை அந்த ரூம்ல இருந்த எல்லாருக்கும் தெரியும். நீங்களும் இருந்தீங்க.”

சாப்பிட்டாச்சா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

(அடிக்குறிப்பு போல ஒன்று: எனக்காக ஒருவர் வாயை மூடிக்கொண்டது பெரிய உதவி. நான் வாயைத் திறக்க இடம் விட்டு மூடிக்கொண்டது அதைவிடப் பெரியது. முன்னதற்கு அன்றே நன்றி சொன்னேன். பின்னது புரிய இரண்டு நாள் ஆனது.)

7

முடிவுகள்.

அ. எழுத்தாளர் விசாரணை அறைக்குள் திரும்ப ஓடி, உரத்த குரலில் உண்மையைச் சொல்கிறார். எல்லோரும் நெகிழ்கிறார்கள். (நான் ஓடவில்லை. ஊருக்குப் பேருந்து பிடிக்கப் போனேன்.)

ஆ. பொறியாளர் தானாகவே கண்டுபிடிக்கிறார். எழுத்தாளர் தப்பித்துவிடுகிறார்.

இ. எழுத்தாளர் பெயர் போடாமல் ஒரு கடிதம் அனுப்ப, அதைப் பிரித்த மேலாளர்...

இந்த மூன்றையும் வாசல் அக்காவுக்குத் தொலைபேசியில் படித்தேன். முதல் முடிவுக்குச் சிரித்தார். மற்ற இரண்டுக்கும் சிரிக்கவில்லை. “கதையோட முடிவு எப்படி வேணா இருக்கட்டும் சார். எங்க கொழுந்தன் பேரு நல்லா இருந்தா போதும்” என்றார்.

இப்போது உங்களிடம் விடுகிறேன். ஆறாம் பகுதியை எடுத்துவிட்டாலும் கதை நிற்கும். இயந்திரத்துக்கும் தண்ணீருக்கும் நடந்த சண்டையாகப் படிக்கலாம். எனக்கும் நல்லது. நீங்களாக இருந்தால் எடுப்பீர்களா, வைப்பீர்களா? மேலாளருக்கு அனுப்பிய பிரதியில் அது இருந்தது.

8

மார்ச் 24 அன்று கொம்பனின் கோப்பில் இருந்த வரி நீக்கப்பட்டது. ஸ்டிக்கர் இப்போது பெட்டியின் மேல் விளிம்பில், பாட்டில் கழுத்துகளுக்கு மேலே இருக்கும் காற்று இடைவெளியில் ஒட்டப்படுகிறது. நிரம்பிய பேலட்டில் சோதித்தார்கள், நாற்பத்தெட்டு வந்தது. கையேட்டின் இரண்டாம் பதிப்பை வேறொருவர் எழுதுகிறார்.