துணியில் ஏறிய பச்சை

அந்த வண்டிக் கூட்டை நேரில் பார்த்த நிமிடமே லைல் ஹேகடார்னுக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது.

விஸ்கான்சினில், வாஸா நகரத்தின் பழைய ஸ்கேட்டிங் கூடத்தில் ஞாயிறுதோறும் ரிமோட் கார் பந்தயம் நடக்கும். வெளியே முழங்கால் ஆழத்துக்குப் பனி கிடக்கும். உள்ளே சாம்பல் நிறக் கம்பளத்தின் மேல் முழ நீள வண்டிகள் சீறிக்கொண்டு ஓடும். வருஷத்துக்கு ஒருமுறை, ஜனவரியில், எல்லா வண்டிகளின் மேல்கூட்டையும் கழற்றி மேசையில் வரிசையாக வைத்து, கையால் தீட்டியதில் எது சிறந்தது என்று ஓட்டுப் போடுவார்கள். ஒன்பது வருஷமாக அந்தப் பரிசு லைல் வீட்டுக்குத்தான் போயிற்று. காகித ஆலையில் முப்பத்தோரு வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர் அவர். அங்கே அவரை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. இங்கே பார்த்தார்கள்.

இந்த வருஷம் அவருடைய கூட்டுக்குப் பக்கத்தில் பாங் தாவின் கூடு இருந்தது. பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறவள், முப்பது வயது இருக்கும். போன இலையுதிர் காலத்தில்தான் கிளப்பில் சேர்ந்தாள். கூட்டின் இரண்டு பக்கமும் அந்தப் பக்கத்து ஏரிகளில் கிடைக்கும் மஸ்கி மீனைத் தீட்டியிருந்தாள். பச்சையிலிருந்து பழுப்பு, பழுப்பிலிருந்து பொன் என்று நிறம் மாறுவது தெரியாமல் மாறியது. செதில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணிவிடலாம்.

லைல் தன் கூட்டில் தீட்டியிருந்த நெருப்புச் சுவாலையைப் பார்க்க வந்தவர்களெல்லாம் மீனிடம் போய் நின்றார்கள்.

"இது ஸ்டிக்கர்" என்றார் லைல், பக்கத்தில் நின்ற ரஸ்ஸிடம். பதினைந்து வருஷப் பந்தயத் தோழர் ரஸ்.

"போப்பா, உள்பக்கம் பாரு. சாயம்தான்."

"அச்சடிச்ச தாளை உள்ள ஒட்டி, மேல ஒரு பூச்சு குடுத்திருக்கா. ரெண்டு பக்கமும் அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கே, மனுஷக் கையில வருமா அது?"

அவர் இதை இன்றைக்குத் தொடங்கவில்லை. பாங் அந்த மீன் படத்தை ஃபோனில் காட்டிய நாளிலிருந்து மூன்று வாரமாக ஒவ்வொருவர் காதிலும் ஓதிக்கொண்டிருந்தார். அதில் பாதி அவள் காதுக்கும் போயிருந்தது. அவள் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நேரே வந்தாள்.

"என்கிட்டயே கேளுங்களேன் லைல். ஏன் ஊரெல்லாம் சொல்றீங்க?"

"கேக்கறேன். எதை முதல்ல தீட்டின?"

"கண்ணுமணி. அப்புறம் கண்ணு. அப்புறம் செதிலோட ஓரம். பச்சை அதுக்கப்புறம், கறுப்பு எல்லாத்துக்கும் கடைசி."

சரியான பதில். கண்ணாடி மாதிரித் தெளிந்த பிளாஸ்டிக் கூடு அது. வெளிப்பக்கம் பூசினால் முதல் மோதலிலேயே உரிந்துவிடும் என்பதால் உள்பக்கம்தான் தீட்டுவார்கள். அதனால் எல்லாமே தலைகீழ். முன்னால் தெரிய வேண்டியதை முதலில் போட வேண்டும். ஒரு கோடு தப்பினால் மேலே பூசி மறைக்க வழி கிடையாது.

"இன்டர்நெட்ல பாத்தா யாரும் சொல்லிரலாம்" என்றார் லைல்.

"அப்ப என்ன செஞ்சா நம்புவீங்க?"

கூட்டம் சேர்ந்துவிட்டது. கிளப்பை நடத்தும் டேல் ப்ரூஸ்கி மைக்கைக் கையில் பிடித்தபடியே வந்து, "யோவ் லைல், விடுய்யா. ஓட்டுப் போட்டுட்டுப் பந்தயத்த ஆரம்பிப்போம்" என்றார். லைல் கேட்கவில்லை. மீன் கூட்டை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார்.

அப்போதுதான் அதைப் பார்த்தார். செவுளுக்குப் பக்கத்தில், இரண்டு செதிலுக்கு நடுவே, தூரிகையின் ஒற்றை முடி ஒன்று சாயத்தோடு சாயமாக ஒட்டிக் கிடந்தது. அச்சடித்த தாளில் முடி இருக்காது. ஆணியடித்த மாதிரி அவருக்கு உறைத்தது: இது கை. இவள் கை. கூட்டை அப்படியே கீழே வைத்திருக்கலாம். 'தப்பா நினைச்சிட்டேம்மா' என்று சொல்லக்கூடத் தேவையில்லை, சும்மா வைத்திருந்தாலே போதும்.

வைக்கவில்லை. மேசையில் கிடந்த மோட்டார் கழுவும் ஸ்ப்ரேயைப் பழைய துணியில் பீய்ச்சினார்.

"சாயம்னா துணியில வரும். ஸ்டிக்கர்னா வராது. பாத்துருவோம்."

"தொடாதீங்க!" என்று பாங் கை நீட்டுவதற்குள், துணி கூட்டின் உள்ளே போய் அழுந்தத் தேய்த்தது. முதலில் பின்னணிக் கறுப்பு வந்தது. அதன் பின்னால் பச்சை, பழுப்பு, பொன். துணி முழுக்க ஏறியது. மீனின் வயிறு இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் பிளாஸ்டிக் தெரிந்தது.

லைல் துணியைப் புரட்டிப் பார்த்தார்.

"சரி. சாயம்தான்" என்றார் லைல்.

பாங் கூட்டை அவர் கையிலிருந்து வாங்கினாள். உள்ளே பார்த்தாள், வெளியே பார்த்தாள். அவள் குரல் உயரவில்லை.

"ஏழு வாரம் தீட்டினேன். இனிமே என் சாமான் எதையும் நீ தொடக்கூடாது. என்கிட்டப் பேசவும் கூடாது."

'நீங்க' போய் 'நீ' வந்தது எல்லார் காதிலும் விழுந்தது.

"ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்கு என்ன இவ்வளவு?" என்றார் லைல். சிரிக்கவும் பார்த்தார். கூடச் சிரிக்க ஆளில்லை. டேல் ஓட்டுப் பெட்டியை எடுத்து மேசைக்கு அடியில் தள்ளினார். "இந்த வருஷம் பரிசு கிடையாது. வண்டியில கூட்டை மாட்டுங்க எல்லாரும்."

பாங் அந்த வயிறு அழிந்த மீனோடே முதல் பந்தயத்தை ஓட்டினாள். மீனின் வயிற்றுக்குள் ஒயர்களும் பேட்டரியும் தெரிய வண்டி சுற்றிச் சுற்றி வந்தது. நான்காவதாக முடித்தாள்.

ஒரு பந்தயம் ஓட்டி முடித்தவர்கள் அடுத்த பந்தயத்துக்கு வளைவுகளில் நிற்க வேண்டும் என்பது கிளப்பின் விதி. வண்டி கவிழ்ந்தால் ஓடிப் போய் நிமிர்த்திவிடுவது அவர்கள் வேலை. ஓட்டுகிறவர்கள் உயரமான மேடையில் நிற்பதால் அவர்களால் இறங்கி வர முடியாது. பாங் மூன்றாவது வளைவில் போய் நின்றாள். ரஸ் இரண்டாவதில் நின்றார். லைல் மேடை ஏறினார்.

மூன்று சுற்று முன்னணியில் ஓடினார். நான்காவது சுற்றில் ஓரப் பலகையை உரசிய வண்டி எம்பிப் புரண்டு, பாங்கின் காலடியில் மல்லாந்து விழுந்தது.

"மூணாவது வளைவு! திருப்பு!" என்று கத்தினார் லைல்.

அவள் கையைக் கட்டிக்கொண்டு குனிந்து வண்டியைப் பார்த்தாள். நாலு சக்கரமும் காற்றில் சுழன்றன. மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின.

"ஏய், திருப்பும்மா! டேல், சொல்லுய்யா அவகிட்ட!"

மைக்கில் டேல் தொண்டையைச் செருமியது மட்டும் கேட்டது. லைல் ரஸ்ஸைப் பார்த்தார். பத்தடி நடந்தால் போதும், நிமிர்த்திவிடலாம். ரஸ் தன் ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பந்தயம் முடிய நாலு நிமிஷம் மிச்சமிருந்தது. அந்த நாலு நிமிஷமும் லைல் ரிமோட்டைப் பிடித்தபடி மேடையிலேயே நின்றார். கத்துவதை நிறுத்திவிட்டார். மணி அடித்ததும் இறங்கி, கம்பளத்தைக் கடந்து போய், மல்லாந்து கிடந்த வண்டியை எடுத்தார்.

"அது உன் வேலை. வேணும்னேதானே நின்ன?" என்றார்.

"ஆமா" என்றாள் பாங்.

அன்று மத்தியானமே பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். யாரும் இரு என்று சொல்லவில்லை. வியாழக்கிழமை டேல் ஃபோன் பண்ணினார்.

"லைல், இங்க பாருய்யா. அவ முன்னாடி வந்து ஒரு வார்த்தை சொல்லிரு. எல்லாரும் மறந்துருவாங்க."

"பந்தய விதியை மீறினது அவ. என் வண்டியை எடுத்துவிட்டாளா? முதல்ல அவ சொல்லட்டும்."

"அது ஸ்டிக்கர் இல்லன்னு உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

லைல் ஃபோனை மறு காதுக்கு மாற்றினார். "துணியில வந்தப்பதான்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவருடைய மனைவி கோனி கேட்டாள்: "ஏன், பந்தயத்துக்குப் போகலியா?"

"முட்டி வலிக்குது" என்றார்.