பஞ்சின் பலகை

ஐந்தரைக்கு அலாரம் அடிக்கும். அதற்கு முன்பே அவன் விழித்திருப்பான். பால் காய்ச்சுவான். மகளை எழுப்புவான். எழ மாட்டாள். மறுபடி எழுப்புவான். தலை வாரிவிடுவான், வகிடு கோணிக்கொள்ளும். "அம்மா நேரா எடுப்பாங்க" என்பாள், ஆறு வயது. நாள் முழுக்க வரைபடம் போடுகிறவனுக்கு அந்த ஒரு கோடு மட்டும் நேராக வராது. டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு மாமனாரின் குதிரை லாயத்துக்குப் போவான். ஏழு குதிரைகள், ஏழு வாளித் தண்ணீர். எட்டேகாலுக்கு அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு நில அளவை அலுவலகம். மனைவி இறந்த எட்டு மாதமாக இதில் ஒன்றுகூட மாறவில்லை.

அழுதானா என்றால், இல்லை. "உன் மனசுல என்னதான் ஓடுது மாப்பிள்ளை?" என்று மாமனாரே ஒருநாள் கேட்டுவிட்டார். "ஒண்ணும் இல்ல மாமா" என்றான். உண்மையைத்தான் சொன்னான்.

லாயம் மாமனாருடையது என்றாலும் குதிரைகளைப் பழக்கியது அவருடைய மகள்தான். ஒவ்வொரு கொட்டடிக் கதவிலும் ஒரு சின்ன ஒட்டுப்பலகையில் அந்தக் குதிரையின் குணத்தைத் தன் கையால் எழுதி மாட்டியிருந்தாள். 'இவனுக்கு மூளை வயிற்றில். வெறும் பையோடு கிட்டே போகாதே.' 'இவளுக்கு ஒருதரம் சொன்னால் போதும். இரண்டாம் தரம் சொன்னால் ரோஷம் வந்துவிடும்.' கடைசிக் கொட்டடியில் இருந்த சாம்பல் நிறக் குதிரைக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். அதன் பலகை இப்படி: 'முதலில் காதை மடக்குவான். பிறகு பல்லைக் காட்டுவான். அதற்கும் பிறகுதான் கால். இரண்டு நோட்டீஸுக்குப் பிறகும் உதை வாங்கினால் தப்பு நம்முடையது.'

அந்த இன்ஸ்பெக்டர்தான் அவளை நெஞ்சில் உதைத்தது என்று எல்லாருக்கும் தெரியும். அதாவது, எல்லாரும் மீசை என்று கூப்பிடுகிற லாயத்து வேலைக்காரர் சொன்னதால் தெரியும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்தவர் அவர் ஒருவர்தான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. "உங்க பேரைச் சொல்லிக்கிட்டேதான் சார் கண்ணை மூடினாங்க" என்று மீசை விம்மியபோது கூடியிருந்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். அவன் மட்டும் நின்றுகொண்டிருந்தான்.

கல்லூரியில் பழக ஆரம்பித்த நாளிலிருந்து அவள் ஒருதரம்கூட அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எதையும் அளந்து பார்க்கிற பழக்கத்துக்காக அவள் வைத்த பெயர் 'ஸ்கேல்'. கொஞ்சினாலும் ஸ்கேல், திட்டினாலும் ஸ்கேல். உயிர் போகிற நேரத்தில் பெயர் வாயில் வந்திருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அந்த 'வந்திருக்கலாம்' தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கிக்கொண்டது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அன்றிலிருந்து தண்ணீர் ஊற்றும்போது மீசையை ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தான்.

கொலைகாரன் என்று பெயர் வாங்கிய இன்ஸ்பெக்டரின் வயிற்றுக்கு அடியில் மீசை குனிந்து புகுந்து மறுபக்கம் வருவார். பின்புறத்தில் ஒரு தட்டு தட்டி, "தள்ளி நில்லுடா, உங்கப்பன் வீட்டு லாயமா?" என்பார். இன்ஸ்பெக்டர் காதை மடக்கும். மீசை சிரிப்பார்.

பஞ்சிடம் மட்டும் கதை வேறு. பஞ்சு வெள்ளைப் பெண்குதிரை. வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, இன்னும் குதிரையேற்ற வகுப்புக்கு விடவில்லை. யார் என்ன செய்தாலும் அசையாது. லாயத்திலேயே பரம சாது என்று மாமனார் தலையில் வைத்துக் கொண்டாடினார். அந்தப் பஞ்சின் பின்னால் போக வேண்டியிருந்தால் மீசை முற்றத்தையே ஒரு சுற்று சுற்றிக்கொண்டு மறுபக்கம் போவார். ஒருநாள் துடைப்பம் அதன் பின்னால் விழுந்து கிடந்தது. மீசை எட்டி நின்று ஒரு கம்பால் அதை இழுத்துக்கொண்டார். அவர் நின்ற இடத்தை அவன் பிறகு அடி வைத்து அளந்தான். ஒன்பது அடி.

பஞ்சின் கதவில் இரண்டு ஆணிகள் மட்டும் இருந்தன. பலகை இல்லை.

"இதோட பலகை எங்கே?"

"கீழே விழுந்து உடைஞ்சிடுச்சு சார்."

"ஒட்டுப்பலகை விழுந்தா உடையுமா?"

"தண்ணில ஊறியிருந்துச்சு."

"ஊறினா வளையும். உடையுமா?"

மீசை ஏற்கெனவே தேய்த்து முடித்த குதிரையை மறுபடி தேய்க்க ஆரம்பித்தார்.

பேத்தியைப் பஞ்சின் மேல் உட்கார வைக்க வேண்டும் என்று மாமனார் ஒரு மாதமாகத் துடித்துக்கொண்டிருந்தார். மீசை ஒவ்வொரு வாரமும் ஒரு சாக்கு சொன்னார். ஒரு வாரம் சேண வார் அறுந்துவிட்டது. அடுத்த வாரம் குளம்பில் சூடு. அதற்கடுத்த வாரம் குதிரை தும்முகிறதாம்.

"குதிரைக்கு ஜலதோஷமா? உனக்கு லீவு வேணும்னா நேரா கேளுய்யா" என்றார் மாமனார்.

மாமனார் சிரித்தார். மருமகனுக்குச் சிரிப்பு வரவில்லை. பஞ்சின் மேல் தன் குழந்தை ஏறக்கூடாது என்று இந்த ஆள் ஏன் இத்தனை பாடுபடுகிறான்?

அந்தச் சனிக்கிழமை மாமனார் யாரையும் கேட்கவில்லை. தானே சேணம் கட்டிப் பஞ்சை முற்றத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

"பாரு மாப்பிள்ளை, சோபா மாதிரி நிக்குது. வாடி குட்டி, தாத்தா தூக்கிவிடறேன்."

"தூங்குதா தாத்தா?"

"நல்ல பிள்ளைடி இது. உன்னை மாதிரி ஆடிக்கிட்டே இருக்காது."

அவன் வாளியோடு நின்று பஞ்சைப் பார்த்தான். அதன் கண்ணோரத்தில் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. மற்ற குதிரைகள் ஓர் ஈக்குத் தலையை உதறி, வாலைச் சுழற்றி, ஊரைக் கூட்டும். பஞ்சு இமைக்கவில்லை. மனதுக்குள் எண்ணினான். பத்துவரை எண்ணியும் இமைக்கவில்லை. காதுகள் அடித்து வைத்த ஆணிகளைப் போல நின்றன. உதடு இறுகியிருந்தது. விலா ஏறி இறங்கவில்லை. இன்ஸ்பெக்டரிடம் எல்லாமே முகத்தில் எழுதியிருக்கும். இந்த முகத்தில் ஒன்றுமே இல்லை.

அப்போது மீசை கிடங்கிலிருந்து ஒரு தார்ப்பாயோடு வெளியே வந்தார். முற்றத்தில் பஞ்சைப் பார்த்ததும் அப்படியே நின்றார். பிறகு, தூங்குகிற கைக்குழந்தையைக் கிடத்துவது மாதிரி, சத்தமே இல்லாமல் அந்தத் தார்ப்பாயைத் தரையில் வைத்தார்.

குழந்தையின் ஒரு கால் சேணத்தின் மிதிவளையத்துக்குள் போய்விட்டது.

"மாமா, குட்டியை அப்படியே பிடிச்சுக்குங்க. ஏத்தாதீங்க."

"ஏன், உனக்குப் பயமா?"

"மீசையை அந்தத் தார்ப்பாயை எடுத்துக்கிட்டு பஞ்சு பின்னால ஒருதரம் நடக்கச் சொல்லுங்க. அவர் நடந்துட்டா குட்டி ஏறட்டும்."

மாமனாருக்குச் சிரிப்பு. "இது என்னப்பா பரீட்சை? யோவ், நடந்து காட்டுய்யா. மாப்பிள்ளை மார்க் போடட்டும்."

மீசை நகரவில்லை.

"நடய்யான்னா."

"முதல்ல குட்டியை இறக்குங்க முதலாளி" என்றார் மீசை. "மெதுவா. சத்தம் போடாம."

மாமனாரின் சிரிப்பு நின்றது. குழந்தையின் காலை வளையத்திலிருந்து எடுத்து, அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். "நான் இன்னும் ஏறவே இல்லையே" என்று அவள் சிணுங்கினாள்.

குழந்தை தூரப் போனபிறகுதான் மீசை வாயைத் திறந்தார்.

"இன்ஸ்பெக்டர் இல்ல சார். இதுதான். தங்கச்சி இதோட பின்னங்கால் குளம்புல கல்லு எடுத்துக்கிட்டிருந்தாங்க. இது சிலை மாதிரி நின்னுச்சு. தூங்குதுன்னு நினைச்சேன். இருபது வருஷமா குதிரையோட கிடக்கிறவன் சார் நான். தூங்குதுன்னு நினைச்சுட்டேன். பின்னால வந்து தார்ப்பாயை ஒரு உதறு உதறினேன்."

மாமனார் குதிரை ஏறுவதற்கான படிக்கல்லில் உட்கார்ந்துவிட்டார். குழந்தையை மடியை விட்டு இறக்கவில்லை.

"இன்ஸ்பெக்டர் பேரைச் சொன்னா யாரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்கன்னு தெரியும். யாரும் கேக்கவும் இல்ல."

"பலகை?"

மீசை தன் அறைக்குப் போய்ப் படுக்கைக்கு அடியிலிருந்து அதைக் கொண்டுவந்தார். உடையவில்லை. ஊறவும் இல்லை. அவளுடைய சாய்ந்த கையெழுத்து. 'அசையாமல் நின்றால் சாது என்று நம்பாதே. இவள் பயந்தால் ஓட மாட்டாள், உறைந்துவிடுவாள். காது திரும்பும்வரை, மூச்சு விடும்வரை பொறு. குழந்தைகளை ஏற்றும் நாள் இன்னும் வரவில்லை.'

அவன் இரண்டுதரம் படித்தான். இரண்டு ஆணிகளிலும் பலகையை மாட்டினான். கோணலாக இல்லை என்று எட்டி நின்று பார்த்துக்கொண்டான். பிறகு கேட்டான்.

"அவ என் பேரைச் சொன்னதா சொன்னீங்க."

"இல்ல சார். நீங்க அன்னைக்குக் கண்ணைக்கூடச் சிமிட்டாம நின்னீங்க. ஏதாவது சொல்லணும்போல இருந்துச்சு."

"அப்ப என்ன சொன்னா?"

மீசை பஞ்சைப் பார்த்தார். "உதைச்சுட்டு மறுபடி சிலை மாதிரி நின்னுச்சு சார், ஒண்ணுமே நடக்காத மாதிரி. எனக்கு வெறி. ஒரு கட்டையைத் தூக்கிக்கிட்டு அதை அடிக்கப் போனேன். தங்கச்சி கீழே கிடந்தபடியே கையைத் தூக்கினாங்க. அப்புறம் பேசவே இல்ல. அதுதான் கடைசி."

"என்ன சொன்னா?"

"'அடிக்காதீங்கண்ணே. அவ முரண்டு பிடிக்கல, பயந்துபோய் நிக்கிறா. பின்னால வராதீங்க. முன்னால வந்து, ஏதாவது பேசிக்கிட்டே இருங்க.'"