அன்னம்மாளுக்கு இல்லாத மதில்

ஏலவார்குழலி சாயக் கம்பெனியின் மதில்சுவர் 1969ஆம் ஆண்டு பங்குனி மாதத்திலிருந்து, குடத்தோடு வருகிறவர்களுக்கு மட்டும் இல்லாமல் போயிற்று. மற்றவர்களுக்கு அது ஆளுயரத்துக்கு மேல் நின்றது. ஆடுகள் அதில் முதுகு உரசின. கட்சிக்காரர்கள் சின்னம் வரைந்தார்கள்.

காஞ்சிபுரத்திலிருந்து ஐயம்பேட்டை போகும் சாலையில் அந்தக் கம்பெனியை நடத்தியவர் கைலாசம். பட்டு நூலுக்குச் சாயம் ஏற்ற நல்ல தண்ணீர் வேண்டும் என்று, ஊற்றுக் கிணறு உள்ள அந்த மனையை முறையாகப் பத்திரம் பதிந்து வாங்கினார். பக்கத்துக் காலனிக்காரர்கள் தலைமுறையாக அந்தக் கிணற்றில்தான் மொண்டார்கள் என்பதைப் பத்திரத்தில் யாரும் எழுதவில்லை. மழை பொய்த்த வருஷம், கம்பெனிக்கே தண்ணீர் போதாது என்று கூட்டாளி பூவராகவன் சொல்லவே, கிணற்றை உள்ளே வைத்து மதில் எழுப்பினார்கள். காலனிப் பெண்கள் வறண்ட ஏரியில் பள்ளம் தோண்டி, ஊறிய கலங்கலை வடிகட்டிக் குடித்தார்கள். கம்பெனியில் நூல் சுற்றிக்கொண்டிருந்த லில்லி வாந்திபேதி கண்டு இறந்துபோனாள். கைலாசம் மாலை கொடுத்தனுப்பினார்; நேரில் போகவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை, லில்லியின் தாய் அன்னம்மாள் இடுப்பில் குடத்துடன் சுவருக்குள் புகுந்து இந்தப் பக்கம் வந்தாள். சாயத்தொட்டியருகே நின்ற கைலாசம் அதைப் பார்த்தார்.

"எப்படிம்மா உள்ள வந்தே?"

"எப்பவும் வர்ற வழிதான் முதலாளி."

"அங்க சுவரு இருக்குது."

அன்னம்மாள் திரும்பிப் பார்த்தாள். "எங்க இருக்குது?" என்று கேட்டுவிட்டு, மொண்டுகொண்டு வந்த வழியே போனாள்.

மறுநாள் காலனியே வந்தது. மதில்மேல் கண்ணாடிச் சில்லுப் பதித்துப் பார்த்தார்கள். யாருக்கும் கீறல் இல்லை. கொத்தனார் தட்டிப் பார்த்து, சுவரில் குறையில்லை என்று சொல்லிக் கூலி வாங்கிக்கொண்டு போனார். வாலாஜாபாத்தில் அரிசி ஆலை வைத்திருந்த பூவராகவன் காரில் வந்து, தாமே ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு மதிலை நோக்கி நடந்தார். அவருடைய தாகம் கணக்கில் சேரவில்லை போலும், நெற்றி வீங்கிற்று.

"கம்பெனின்னா லாபத்துக்குத்தான்பா," என்றார் ஈரத்துணியை நெற்றியில் அழுத்திக்கொண்டே. "தண்ணிப் பந்தல் வைக்க கோயிலு இருக்குது."

"கோயிலுக்கா அந்தப் பொண்ணு நூலு சுத்துனா?" என்றார் கைலாசம். "நமக்குத்தானே."

சொன்ன பிறகுதான் தாம் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. அன்று சாயங்காலம் காலனிக்கு நடந்தே போனார். அன்னம்மாள் வாசலில் நின்றார். அவள், "லில்லி உக்கார்ற எடத்துல இப்ப யாரு முதலாளி?" என்று கேட்டாள். யாரையும் வைக்கவில்லை என்றார். அவள் உள்ளே போய் ஒரு லோட்டாவில் தண்ணீர் கொண்டுவந்தாள். அந்தத் தெருவில் அவர் வீட்டார் யாரும் அதுவரை தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. கைலாசம் வாங்கிக் குடித்தார். அவருடைய கிணற்றுத் தண்ணீர்தான்; ஆனால் அதன் ருசி அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

அதன்பின் மழை வரும்வரை, காலனிக்குப் போக மிஞ்சிய தண்ணீரில் ஒரு சாயத்தொட்டி மட்டும் ஓடியது; மற்றவை காய்ந்து கிடந்தன. ஆட்களின் கூலியை அவர் நிறுத்தவில்லை. பூவராகவன் தம் பங்கைப் பிரித்துக்கொண்டு போனார். சென்னைக் கடைக்காரர்கள் வேறு இடம் தேடிக்கொண்டார்கள். கைலாசம் கட்டிக்கொண்டிருந்த மாடி பாதியில் நின்றது, பிறகும் உயரவில்லை. கம்பெனி சிறியதாகவே இருந்தது, ஆனால் மூடவில்லை.

மழை வந்த வருஷம் அவர் மதிலை உடைத்துக் காலனிப் பக்கம் ஒரு கதவு வைத்தார். தபால்காரரும் வேலையாட்களும் அதைப் பயன்படுத்தினார்கள். பெண்களுக்கு அது சுற்றுவழி. ஆண்டுதோறும் பொங்கலுக்கு முன் மதிலுக்கு வெள்ளையடிக்கும்போது அவர்கள் குடத்தோடு வந்தால், சேலையில் சுண்ணாம்பு தெறிக்காதபடி ஆட்கள் பூசும் மட்டையைத் தாழ்த்திக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள்.