சிசிலியின் தொண்டை

சக்குபள்ளத்து ஏலத்தோட்டத்தில் பேறுகாலம் என்றால் மருத்துவச்சி சிசிலியைத்தான் கூப்பிடுவார்கள். கைராசிக்காரி என்று பேர். அந்த ஆடி மழையில் ராசி திரும்பியது. சுகமாகப் பிள்ளை பெற்ற மாரித்தாய்க்கு மறுநாளே குளிர்காய்ச்சல். வயிறு கல்லாக இறுகி, பிள்ளைக்குப் பேர் வைக்குமுன் செத்துப்போனாள். மழைக்குளிர் என்றார்கள். அடுத்துப் பெற்ற மூக்கம்மாளுக்கும் அதே காய்ச்சல் கண்டது. வெந்நீரிலோ சோப்பிலோ சிசிலி குறை வைத்ததே இல்லை.

மூக்கம்மாளை ஜீப்பில் ஏற்றி, குமுளி மலையிறங்கிக் கம்பத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். பென்சிலின் காப்பாற்றியது. டாக்டரம்மா சிசிலியின் தொண்டையிலும் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்.

“உங்கிட்டயும் மூக்கம்மாகிட்டயும் ஒரே கிருமிதாம்மா, உன் தொண்டையிலேருந்து மூச்சோட தாவியிருக்கு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ்.”

“எனக்கு ஒண்ணும் செய்யலியே. போன மாசம் தொண்டை கரகரன்னு இருந்துச்சு, அம்புட்டுத்தான்.”

“அதான் பயமா இருக்கு. கிருமியைப் பிடிக்க நம்ம ரத்தத்துல எதிர்ப்புப்பொருள் ஊறும். அது ஒரு முனையால கிருமியைப் பிடிச்சு, வால் முனையால கிருமியைத் தின்ன வெள்ளணுவைக் கூப்பிடும். இந்தக் கிருமி ஜாதியில சிலது அந்த வாலையே பிடிச்சுக்குதாம். இப்பதான் கொஞ்ச வருஷமா கண்டுபிடிச்சிருக்காங்க.”

“அப்ப வெள்ளணுவ எது கூப்பிடும்?”

டாக்டரம்மா ஊசி மருந்தை எடுத்தார்.

சில நாள் ஊசி போட்டு முடித்தபின் அவள் தொண்டையை மறுபடி தடவிப் பார்த்தார்கள். கிருமி அங்கேயே இருந்தது. சிசிலி எச்சில் விழுங்கிப் பார்த்தாள். வலியே இல்லை. அன்றிலிருந்து பேறு பார்ப்பதை விட்டாள்.

ஒரு காலையில் தம்பி சுவக்கீன் நனைந்தபடி ஓடிவந்தான். “சந்தனமேரிக்கு வலி கண்டிருச்சுக்கா.”

“கம்பத்துக்குக் கொண்டு போ.”

“மலைப்பாதையில மண்ணு சரிஞ்சு கெடக்கு. ஒரு வண்டியும் போகல.”

சிசிலி வாயையும் மூக்கையும் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு போனாள். ஆனால் வாசற்படி ஏறவில்லை. மழையில் நின்றபடியே உள்ளேயிருந்த பெண்களுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னாள்: கையைத் தேய்த்துக் கழுவு, நூலைக் கொதிக்கவை, இப்போது முக்கச் சொல். தம்பி பெண்டாட்டி சந்தனமேரி “உள்ள வாங்க மதினி” என்று அலறியபோது சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

பிள்ளை அழுதது.

சந்தனமேரிக்குக் காய்ச்சல் வரவில்லை. ஆனால் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களில் இன்னும் சிலர் நிறைமாதமாக இருந்தார்கள். மழை விடுவதாக இல்லை, பாதையும் திறக்கவில்லை. அவர்கள் வீட்டு ஆட்கள் சிசிலியின் கதவைத் தட்டத் தொடங்கியிருந்தார்கள்.